ஜான்சனிடம் யாரும் சொல்லாமல் இல்லை

"தலைவர் நல்லவர்தான், கூட இருக்கிறவங்கதான் கெடுத்துட்டாங்க." எந்த ஊர் அரசியலிலும் தேயாமல் ஓடுகிற வசனம் இது. வியட்நாம் போர் பற்றிப் பேச்சு வந்தால் அன்றைய அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனுக்கும் இதே வக்காலத்தோடு யாராவது வந்துவிடுவார்கள். அவர் டெக்சாஸ் கிராமத்து ஆள், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் ஓட்டு சேர்ப்பதில் கில்லாடி, ஆனால் வெளியுறவு அவ்வளவாகத் தெரியாது. 1963 நவம்பரில் அதிபர் கென்னடி சுடப்பட்டபோது அவர் விட்டுப்போன மேதாவிக் கூட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டார். ஃபோர்டு கம்பெனித் தலைவராக இருந்து பாதுகாப்பு அமைச்சரான மெக்னமாராவும், ஹார்வர்டில் இருந்து வந்த பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டியும் அவரைச் சண்டைக்குள் தள்ளிவிட்டார்கள். இதுதான் கதை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மனிதர் தன் தொலைபேசிப் பேச்சுகளை ரகசியமாகப் பதிவு செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவை வெளிவந்த பிறகும் இந்தக் கதையைச் சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

1964 மே 27-ஆம் தேதிப் பேச்சுகள் மட்டும் போதும். முதலில் செனட்டர் ரிச்சர்ட் ரஸ்ஸல். செனட் ராணுவக் குழுவின் தலைவர், ஜான்சன் செனட்டில் ஆளானதே அவர் நிழலில்தான். வியட்நாமை என்ன செய்யலாம் என்று ஜான்சன் கேட்கிறார். இப்படி ஒரு சிக்கலை நான் பார்த்ததே இல்லை என்கிறார் ரஸ்ஸல். வெளியே வர வழி இருந்தால் வந்துவிடலாம் என்பதுதான் அவர் பேச்சின் சாரம். ஜான்சன் அதை எதிர்த்து வாதாடவில்லை. தன் வீட்டில் வேலை பார்க்கும் ஒரு சார்ஜென்ட்டைப் பற்றிப் பேசுகிறார். அவருக்கு ஆறு பிள்ளைகள். அந்த ஆளை அங்கே அனுப்பி நமக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்கிறார். கூடவே, விட்டுவிட்டு ஓடிவந்தால் அதிபரைப் பதவியை விட்டே தூக்கிவிடுவார்களே என்றும் கேட்கிறார். கொஞ்ச நேரத்தில் பண்டியோடு பேசும்போது மறுபடியும் அதே சார்ஜென்ட். ராத்திரி தூக்கம் வரவில்லை, காலையில் என் சாமான்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்த அவரைப் பார்த்தேன், எதற்காக இவரை அங்கே போகச் சொல்வது என்று தோன்றியது என்கிறார். அப்புறம் அந்தப் புகழ்பெற்ற வரி: சண்டை போடும் அளவுக்கு அந்த இடம் பெறும் என்றும் நான் நினைக்கவில்லை, நம்மால் வெளியே வர முடியும் என்றும் நினைக்கவில்லை.

வியட்நாமின் டா நாங் கடற்கரையில் அமெரிக்க மரைன் படை இறங்கியது 1965 மார்ச் 8-ஆம் தேதி. அதற்கு ஒன்பது மாதம் முன்னால் நடந்த பேச்சு இது. யாரும் இவரை ஏமாற்றவில்லை.

சரி, பிறகு ஏன் போனார்? அவர் பயம் பொய்யான பயம் என்று நான் சொல்லமாட்டேன். 1949-இல் சீனா கம்யூனிஸ்டுகள் கைக்குப் போனபோது "சீனாவைத் தொலைத்தது யார்" என்று அன்றைய அதிபர் ட்ரூமன் கட்சியைக் கிழித்துத் தொங்கவிட்டதைக் கண்ணால் பார்த்தவர். வியட்நாமைக் கைவிட்டால் வலதுசாரிகள் அதைவிட மோசமாகப் பாய்வார்கள், முதியோர் மருத்துவக் காப்பீடு, கறுப்பின மக்களின் வாக்குரிமைச் சட்டம் என்று வரிசையில் வைத்திருந்த எல்லாம் காங்கிரஸில் செத்துப்போகும் என்று கணக்குப் போட்டார். அந்தச் சட்டங்கள் உண்மையிலேயே பெரிய காரியங்கள். அந்த மனிதரை வெறும் வில்லனாக எழுதிவிட்டுப் போக முடியாததும் அதனால்தான்.

ஆனால் இந்தக் கணக்குக்கான பதிலும் அவர் மேசைக்கே வந்தது. எழுதியவர் அவருடைய சொந்தத் துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி. 1965 பிப்ரவரி நடுவில் ஒரு குறிப்பு அனுப்பினார். வெளியுறவுத் தத்துவம் எதுவும் பேசவில்லை, முழுக்க அரசியல். இப்போதுதான் பெரும் வித்தியாசத்தில் ஜெயித்திருக்கிறோம், வலதுசாரிகளைப் பற்றிக் கவலைப்படாமல் இந்தச் சிக்கலிலிருந்து கழன்றுகொள்ள இந்த ஆண்டைவிட்டால் நல்ல ஆண்டு வராது, மக்களுக்குப் புரியவைக்க முடியாத போரை நடத்த முடியாது, போகப் போக எதிர்ப்பு நம் கட்சிக்குள்ளிருந்தே வரும். ஒவ்வொன்றும் அப்படியே நடந்தது. ஹம்ஃப்ரிக்குக் கிடைத்தது என்ன? வியட்நாம் பற்றிய முக்கியக் கூட்டங்களுக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு வருடம் வெளியே நின்றார். திரும்பி உள்ளே வர அவர் கொடுத்த விலை, ஊர் ஊராகப் போய்ப் போரை ஆதரித்துப் பேசியது. எனக்கு இந்தக் கதையிலேயே அதிக எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். ஜான்சன் மீதா, ஹம்ஃப்ரி மீதா என்று கேட்டால் இருவர் மீதும்தான்.

வெளியுறவுத் துறையில் இரண்டாம் இடத்தில் இருந்த ஜார்ஜ் பாலின் நிலை வேறு. அவரை வெளியே அனுப்பவில்லை, உள்ளேயே உட்காரவைத்து மரியாதையாகக் கேட்டார்கள். 1965 ஜூலை 21-ஆம் தேதி கூட்டத்தில் அதிபர் முகத்துக்கு நேரே "நம்மால் ஜெயிக்க முடியாது" என்றார் பால். ஜான்சன் அவரைப் பேசவிட்டார். சரியான தகவல் இல்லாமல் மேற்கத்தியப் படை காட்டிலும் நெல்வயலிலும் ஆசியர்களோடு சண்டையிட்டு ஜெயிக்குமா என்று அவரே கேள்வியும் கேட்டார். பிறகு வெளியுறவு அமைச்சர் ரஸ்க், பண்டி, மெக்னமாரா எல்லாரும் பாலின் வாதத்தை மறுத்தார்கள். அமெரிக்கா ஆதரித்த தெற்கு வியட்நாமின் தலைநகர் சைகோனுக்குத் தூதராகப் போகவிருந்த லாட்ஜ், ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த மியூனிக் ஒப்பந்தத்தை இழுத்தார். அந்தத் தலைமுறை ஆட்களிடம் மியூனிக் என்று சொல்லிவிட்டால் விவாதம் முடிந்த மாதிரிதான். முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. கட்டுகிற வீட்டில் தொங்கவிடுகிற திருஷ்டிப் பொம்மை மாதிரி பாலை அந்த அறையில் வைத்திருந்தார்கள். "எல்லாக் கோணமும் பார்த்தாயிற்று" என்று பின்னால் சொல்லிக்கொள்ள அவர் தேவைப்பட்டார். பில் மோயர்ஸ் என்ற இளம் உதவியாளர் தயங்கித் தயங்கி எதிர்த்துப் பேசத் தொடங்கியபோது, அவர் உள்ளே நுழைந்தாலே "குண்டுவீச்சை நிறுத்தச் சொல்பவர் வந்துவிட்டார்" என்று ஜான்சன் கிண்டலாக வரவேற்பாராம். எதிர்ப்பை அடக்க அதட்டல் தேவைப்படவில்லை, செல்லப்பெயர் ஒன்று போதுமாக இருந்தது.

அதே வாரம் ஜூலை 25, கேம்ப் டேவிட். அப்போது முழுநேர அரசுப் பதவி எதுவும் இல்லாத வழக்கறிஞர், ஜான்சனின் நண்பர் கிளார்க் கிளிஃபோர்ட் பேசினார். நாம் ஒரு லட்சம் பேரை அனுப்பினால் அவர்களும் அனுப்புவார்கள், ஐந்து வருடம், 50,000 சாவு, கோடிக்கணக்கில் செலவு, இது நமக்கு வேண்டாம் என்றார். கடைசியில் இறந்த அமெரிக்கர்கள் 58,000-க்கும் மேல். வியட்நாமியர் பல லட்சம் பேர். அந்தக் கணக்கு அந்த மேசையில் வந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த மூன்று நாளில் நடந்ததுதான் என் பார்வையில் உண்மையான குற்றம். மெக்னமாரா கொடுத்த திட்டத்தில் சில விஷயங்கள் இருந்தன: ஆண்டு இறுதிக்குள் 1,75,000 பேர் வரை படை, ரிசர்வ் படையை அழைப்பது. செலவுக்கு வரி உயர்த்தவேண்டும் என்பதும் அவர் யோசனை. அதாவது போருக்குப் போகிறோம் என்று ஊரறியச் சொல்லிவிட்டுப் போவது. ஜான்சன் படையை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் ஒதுக்கிவிட்டார். ரிசர்வை அழைத்தால் ஒவ்வொரு ஊரிலும் கேள்வி வரும், வரி கேட்டால் காங்கிரஸில் விவாதம் வரும். ஜூலை 28-ஆம் தேதி, ஊரெல்லாம் டிவி முன்னால் உட்காரும் ராத்திரி வேளையை விட்டுவிட்டு நண்பகலில் பத்திரிகையாளர் சந்திப்பு வைத்தார். படை எண்ணிக்கை 75,000-இலிருந்து 1,25,000 ஆகும், பிறகு தேவைப்பட்டால் அனுப்புவோம் என்றார். அதே சந்திப்பில் உச்ச நீதிமன்றத்துக்குத் தன் நண்பர் ஏப் ஃபோர்டாஸை நியமிப்பதையும் அறிவித்தார். செய்தியோடு செய்தியாகப் போய்விட்டது. கொள்கை மாறுகிறதா என்று கேட்டதற்கு, எந்த மாற்றமும் இல்லை என்று பதில். இரண்டு நாள் கழித்து மிசௌரியில் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் கையெழுத்து. ஆகஸ்ட் 6-இல் வாக்குரிமைச் சட்டம். கணக்கு பலித்தது. ஆனால் "எங்களிடம் சொல்லவே இல்லையே" என்ற ஆத்திரம் அன்றிலிருந்து சேர ஆரம்பித்தது. போரைப் பற்றிப் பிளவுபட்ட நாடு என்று பிற்பாடு சொன்னார்களே, அந்த நாட்டிடம் யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. போருக்குக் காங்கிரஸ் அனுமதி தந்த 1964 ஆகஸ்ட் டோங்கின் வளைகுடாத் தீர்மானம் இருந்ததே என்பார்கள். அமெரிக்கக் கப்பல்கள் மீது நடக்கவே நடக்காத இரண்டாவது தாக்குதலைக் காரணம் காட்டி, பிரதிநிதிகள் சபையில் 416-0, செனட்டில் 88-2 என்று வாங்கிய ஒப்புதல் அது.

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாடு. வெள்ளை மாளிகையில் ஜான்சன், ரஸ்க், மெக்னமாரா, முதலில் பண்டி, 1966-இலிருந்து அவர் இடத்தில் வால்ட் ராஸ்டோ. வடக்கு வியட்நாமில் எந்தப் பாலம், எந்த எண்ணெய்க் கிடங்கு, அங்கே எத்தனை பொதுமக்கள் சாகக்கூடும் என்பதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்து அனுமதி கொடுப்பார்கள். ராணுவத் தலைமைத் தளபதிக்கே வெகுநாள் வரை அங்கே நிரந்தர இடம் இல்லை. இலக்குகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, இந்தக் குண்டுவீச்சால் ஹனோய் பணியுமா என்ற கேள்விக்கு மட்டும் நேரம் கிடைக்கவில்லை.

இதே கைதான் இந்தியாவுக்கான கோதுமைக் கப்பல்களையும் பிடித்து வைத்திருந்தது. 1965, 66 வறட்சியில் பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவிச் சட்டப்படி வந்த கோதுமையை மொத்தமாக விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஜான்சனே பார்த்து அனுப்பினார். இந்தியா விவசாயத்தைத் திருத்தட்டும் என்பது சொன்ன காரணம். குண்டுவீச்சை நிறுத்தச் சொல்லி இந்திரா காந்தி பேசியதும் அவரைக் கடுப்பேற்றியது. ஐ.நா. பொதுச்செயலர் ஊ தாண்டும் போப்பும் சொல்வதைத்தானே இந்தியாவும் சொல்கிறது என்று தூதர் செஸ்டர் போல்ஸ் எடுத்துச் சொன்னபோது, அவர்கள் இருவருக்கும் நம் கோதுமை தேவையில்லையே என்று வாஷிங்டனிலிருந்து பதில் வந்ததாம். ரேஷன் கடை வரிசையில் நின்ற நம் பாட்டிமாருக்கு இந்த விவரம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

1967 நவம்பரில் மெக்னமாராவே உடைந்துவிட்டார். குண்டுவீச்சை நிறுத்துங்கள், படையைக் கூட்டாதீர்கள் என்று எழுதிக் கொடுத்தார். பதில் வரவில்லை. மாதக் கடைசியில் உலக வங்கிக்குத் தலைவராகப் போகிறார் என்று அறிவிப்பு வந்தது. 1968 பிப்ரவரி 29, வழியனுப்பு நாள். பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பெண்டகன் லிஃப்டில் அதிபரும் அவரும் மாட்டிக்கொண்டு சில நிமிடம் நின்றார்கள். வெளியே விழாவில் மழை, ஒலிபெருக்கியும் வேலை செய்யவில்லை. அதன்பிறகு இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் மெக்னமாரா இந்தப் போர் பற்றி வாய் திறக்கவில்லை. பாலும் 1966-இலேயே சத்தமில்லாமல் ராஜினாமா செய்துவிட்டுப் போனார். கதவை அடித்துச் சாத்திவிட்டு வெளியே வந்து, "உள்ளே நான் இதைச் சொன்னேன், கேட்கவில்லை" என்று அந்த உயரத்தில் இருந்த ஒருவரும் சொல்லவில்லை. ஆலோசகர்களைக் குறைசொல்ல வேண்டுமென்றால் நான் இதைத்தான் சொல்வேன். தவறான யோசனை சொன்னதைவிட, சரியான யோசனையைச் சொல்லிவிட்டு அது ஏற்கப்படாதபோது அடக்கமாக இருந்தது.

1968 ஜனவரி கடைசியில் எதிர்த்தரப்பு தொடங்கிய டெட் தாக்குதல், சைகோன் அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள் கெரில்லாக்கள், நியூ ஹாம்ப்ஷயர் உட்கட்சித் தேர்தலில் போர் எதிர்ப்பாளர் யூஜீன் மெக்கார்த்தி வாங்கிய 42 சதவீதம் எல்லாம் பலரும் அறிந்தவை. மெக்னமாரா இடத்துக்கு வந்தவர் அதே கிளிஃபோர்ட். இடையில் அவரும் போர் ஆதரவாளராக மாறியிருந்தார். இன்னும் 2,06,000 பேர் வேண்டும் என்று தளபதிகள் கேட்டபோது அவர்களிடம் எளிய கேள்விகள் கேட்டார். இவ்வளவு பேர் போதுமா? தெரியாது. எத்தனை பேர் வேண்டும்? தெரியாது. எவ்வளவு காலம்? தெரியாது. ஜெயிப்பதற்கான திட்டம் என்ன? தனியாக அப்படி ஒன்று இல்லை. மூன்று வருடமாக யாரும் அந்தக் கேள்விகளை இப்படி விடாமல் கேட்டதாகத் தெரியவில்லை. மார்ச் 31 இரவு ஜான்சன் டிவியில் வந்து, குண்டுவீச்சைக் குறைப்பதாகவும் மறுபடி போட்டியிடப் போவதில்லை என்றும் சொன்னார். இந்த முறை எல்லாரும் பார்க்கிற நேரத்தில்.

திருந்திவிட்டார் என்று இங்கேயே முடித்துவிடலாம்தான். ஆனால் அந்த ஆண்டு தேர்தலுக்குச் சில நாள் முன்னால் இன்னொன்று நடந்தது. குடியரசுக் கட்சி வேட்பாளர் நிக்ஸனின் தரப்பு ஆனா ஷெனால்ட் என்ற பெண்மணி வழியாக, பாரிஸ் பேச்சுவார்த்தைக்குப் போகாமல் பொறுத்திருங்கள் என்று தெற்கு வியட்நாம் அரசுக்குச் சொல்லி அனுப்புவதை ஒட்டுக்கேட்பு மூலம் ஜான்சன் தெரிந்துகொண்டார். நவம்பர் 2-ஆம் தேதி செனட்டில் குடியரசுக் கட்சியின் தலைவராக இருந்த டெர்க்சனிடம் ஃபோனில் "இது தேசத்துரோகம்" என்று கொதித்தார். நவம்பர் 4-இல் ரஸ்க், கிளிஃபோர்ட், ராஸ்டோவிடம் யோசனை கேட்டார். வெளியே சொல்லவேண்டாம் என்றார்கள். இவ்வளவு அதிர்ச்சியான விஷயத்தை வெளியிடுவது நாட்டுக்கு நல்லதா என்று கேட்டவர் கிளிஃபோர்ட்தான். இந்த முறை ஜான்சன் யோசனையைத் தட்டாமல் கேட்டுக்கொண்டார். நிக்ஸனை எதிர்த்துப் போட்டியிட்ட ஹம்ஃப்ரிக்கும் விஷயம் தெரியும், அவரும் மேடையில் எடுக்கவில்லை. மறுநாள் தேர்தலில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றார். அதற்குப் பிறகு மட்டும் இன்னும் 20,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் வியட்நாமில் இறந்தார்கள். அந்தக் காகிதங்களை ராஸ்டோ ஒரு உறையில் போட்டு, 50 வருடம் பிரிக்கவேண்டாம் என்று எழுதி 1973-இல் ஜான்சன் நூலகத்தில் கொடுத்தார். நூலகத்தார் 1994-லேயே பிரித்துவிட்டார்கள்.