எல்லாவற்றுக்கும் 1 போடாதீர்கள்

ஒரு குடியிருப்பின் ஆட்களை வேலை வாங்கி நடத்தும் கணினி விளையாட்டான ரிம்வேர்ல்டுக்குப் புதிதாக வந்தவர்களின் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தால், யார் எதை முதலில் செய்வது என்று எண் போடும் வேலைப் பட்டியலில் பாதிக் கட்டங்களில் 1 இருக்கிறது. கேட்டால் "எல்லாமே முக்கியம்தானே" என்கிறார்கள். முக்கியம்தான், யார் இல்லையென்றது? ஆனால் எவ்வளவு முக்கியம் என்று பார்த்து எண் போடவே கூடாது என்பதுதான் என் கட்சி. அந்த வேலை முடிகிற வேலையா, முடியாத வேலையா என்று பார்த்துப் போட வேண்டும்.

நாமே எண் கொடுக்கும் முறையில் 1 முதல் 4 வரை உண்டு. ஓர் ஆள் முதலில் தன்னுடைய 1-களை இடமிருந்து வலமாகப் பார்ப்பார். அதில் செய்ய ஒன்றுமே மிச்சமில்லை என்றால்தான் 2-க்கு வருவார். சுமக்கும் வேலையை 1-ல் வைத்தால் என்ன ஆகும்? விளைச்சல், வெட்டிய மரம், தோண்டிய எஃகு என்று தரையில் ஏதாவது கிடந்துகொண்டேதான் இருக்கும். அந்த ஆளுக்கு 2, 3 எல்லாம் வெறும் அலங்காரம்.

"எல்லாருக்கும் எல்லாவற்றிலும் 3 போட்டேன், ஆராய்ச்சி நகரவே மாட்டேன் என்கிறது" என்ற புலம்பலுக்கும் காரணம் இதுதான். ஆராய்ச்சி வலது ஓரத்தில் இருக்கிறது. சுமப்பதும் சுத்தம் செய்வதும் அதற்கு இடப்பக்கம். ஒருவர் துடைத்து முடிப்பதற்குள் இன்னொருவர் சேற்றுக் காலோடு உள்ளே வருகிறார். அப்புறம் எங்கே ஆராய்ச்சி?

தீயணைப்பும் மருத்துவமும் தாராளமாக 1-ல் இருக்கட்டும். நெருப்பு அணைந்தால், காயத்துக்குக் கட்டுப் போட்டால் வேலை முடிந்தது, ஆள் விடுபட்டுவிடுவார்.

சமையல்தான் சுவாரசியமானது. அடுப்பில் "எப்போதும் செய்" என்று வைத்தால், காய்கறியும் இறைச்சியும் இருக்கும்வரை சமையல்காரர் அடுப்பை விட்டு நகரமாட்டார். "இத்தனை சாப்பாடு சேரும்வரை செய்" என்று மாற்றினால் அதே சமையல் முடிகிற வேலையாகிவிடும், தைரியமாக 1 போடலாம். பட்டியலில் ஒரு எண்ணைக்கூடத் தொடவில்லை, பாருங்கள்! பாதிப் பிரச்சினைக்குத் தீர்வு பட்டியலுக்கு வெளியேதான் இருக்கிறது.

முடியாத வேலைகளுக்குத் தனி ஆள் வேண்டும். சுமப்பதும் துடைப்பதும் மட்டும் அவருக்கு, மற்ற கட்டங்கள் காலி. ஆர்வச் சுடர் (ஒரு திறனில் ஆளுக்கு உள்ள ஆர்வத்தைக் காட்டும் சுடர்க் குறி) ஏதும் இல்லாதவராகப் பார்த்துப் பிடியுங்கள். சுடர் இல்லாத திறனில் அனுபவம் 35 சதவீத வேகத்தில்தான் ஏறும், இரட்டைச் சுடருக்கு 150. இரட்டைச் சுடர் மருத்துவரை மூட்டை தூக்க விடுவது அநியாயம். (அப்படிப் பொறுக்கி எடுத்தவருக்கு உடலுழைப்பே ஆகாது என்று அவரைப் பற்றிய குறிப்பில் இருக்கும், அது இந்த கேமின் நகைச்சுவை.)

இதே மாதிரி இன்னொரு விளையாட்டான ஆக்சிஜன் நாட் இன்க்ளூடட் ஆடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். அங்கே ஒவ்வொரு கட்டடத்துக்கும் தோண்டும் இடத்துக்கும் 1 முதல் 9 வரை எண், 9-தான் அவசரம். கட்டடத்துக்கு 9 போட்டும் யாரும் வரவில்லையா? ஆளின் வேலைப் பட்டியலில் தோண்டுதல் மேலேயும் கட்டுதல் கீழேயும் இருக்கிறதா பாருங்கள். அப்படி இருந்தால் உங்கள் 9-ஐத் தாண்டிப் போய் 1 போட்ட மண்ணைத்தான் தோண்டுவார். அங்கே ஆளின் விருப்ப வரிசை முதலில், கட்டடத்தின் எண் அப்புறம்தான்.