எம்ஜிபி முன்பக்க ஷாக் அப்சார்பர்: ஒரு திருத்தம்

அண்ணே, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபியைப் பற்றி, "எம்ஜிபிக்கு ஒரிஜினல் ஷாக் அப்சார்பர் இனி கிடைக்காது, லீவர் ஷாக்கைக் கழற்றி வீசிவிட்டுச் சாதாரணக் குழாய் ஷாக் போட்டால் போதும்" என்று எழுதியிருக்கிறீர்கள். முன்பக்கத்துக்கு இது ஆபத்தான யோசனை. அந்தக் காரில் ஷாக்கிலிருந்து நீளும் லீவர் கைதான் மேல் விஷ்போன், அதாவது சக்கரத்தை மேல்பக்கம் வண்டியோடு இணைக்கும் கை. அதை எடுத்துவிட்டால் சக்கரத்தை மேலே பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. குழாய் ஷாக் கிட் போடுகிறவர்களும் லீவரை அப்படியே விட்டுவைக்கிறார்கள், இல்லையென்றால் வேறு மேல் கை பொருத்துகிறார்கள். பின்பக்கம் வேறு கதை, அங்கே அச்சைப் பிடித்திருப்பது லீஃப் ஸ்பிரிங் (பட்டை வில்), அதனால் ஷாக்கை மாற்றலாம்.

கிடைக்காது என்பதும் தவறு. பெரும்பாலும் ஷாஃப்ட் தேய்ந்து எண்ணெய் கசிவதுதான் கோளாறு. புது புஷ், சீல் போட்டுப் புதுப்பித்த யூனிட்டுகளை பிரிட்டனில் விற்கிறார்கள். பழையதைத் திருப்பிக் கேட்பார்கள், அதனால் இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். (காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் எனாமல் பாத்திரம் கிடைக்கும், இது கிடைக்காது. அலைந்து பார்த்தாயிற்று.)

அப்புறம், ஸ்பிரிங் வாங்கும் முன் பம்பரைப் பாருங்கள். 1974 முதல் வந்த கறுப்பு ரப்பர் பம்பர் வண்டிகளின் உயரம் கூடுதல். குரோம் பம்பர் வண்டிக்கு ஸ்பிரிங் வேறு.