வண்டிக்கு ஏழாயிரம் ரூபாய்க்குப் பாதுகாப்பு, ஓட்டுகிறவனுக்கு?

2025 செப்டம்பர் 22-ஆம் தேதி 350 சிசி வரையான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததும், நான் பார்த்து வைத்திருந்த 125 சிசி வண்டியில் ஏழாயிரத்துச் சொச்சம் இறங்கியது. சரி, ஆயுத பூஜைக்கு எடுத்துவிடலாம் என்று பாலக்கோட்டிலிருந்து தர்மபுரிக்குக் கிளம்பினோம். அந்த ஏழாயிரத்தை ஷோரூம்காரர்கள் ஒரே ஒரு வெள்ளைத்தாளில் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்காம். மொத்தம் 7,450 ரூபாய்.

நான் எதையும் கேட்கவில்லை. வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வரும்போதே எல்லாம் மாட்டியிருந்தது. முன்னால் பம்பர் 1,900. எல்இடி விளக்கு 1,400. டெஃப்லான் கோட்டிங் 1,200. சீட் கவர் 800. கிரிப், ஸ்டிக்கர் என்று ஒரு 500. இதெல்லாம் வேண்டாம், கழற்றிவிடுங்கள் என்றேன். "எல்லா வண்டிக்கும் இப்படித்தான் சார் வருது. கழட்டினா டெலிவரி நாளைக்குத்தான்." மாலையும் எலுமிச்சம்பழமும் கையில் இருந்தன. அப்பா என் தோளைத் தொட்டு, "நல்ல நாளும் அதுவுமா வம்பு வேண்டாம்டா, குடுத்துட்டு வா" என்றார். கொடுத்தேன். அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

மற்றதைக்கூட விடுங்கள். சாரி கார்டுக்கு 650, ஹெல்மெட்டுக்கு 1,000 போட்டிருந்தார்களே, அதுதான் பகல் கொள்ளை. பின்னால் ஆள் உட்காரும் பைக்கில் கைப்பிடி, கால் வைக்கும் மிதி, சேலை சிக்காமல் பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு, இந்த மூன்றும் இல்லாமல் வண்டியே செய்யக்கூடாது என்கிறது 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி. ஐஎஸ்ஐ தரத்தில் ஹெல்மெட் வண்டியோடு தரவேண்டும் என்பது 138-ஆவது விதி. வண்டியோடு வந்தே தீரவேண்டிய இரண்டு பொருளுக்குத் தனியாக 1,650 ரூபாய்! என் மனைவி சேலை கட்டிக்கொண்டு ஒருபக்கமாகத்தான் உட்காருவாள். அவள் சேலை சக்கரத்தில் மாட்டாமல் இருப்பது எப்படி எக்ஸ்ட்ரா ஆகும்?

இனி பம்பர் கதைக்கு வருகிறேன். எங்கள் ஊரிலிருந்து பால் சொசைட்டிக்குப் போக ஏரிக்கரையை ஒட்டி இரண்டு கிலோமீட்டர் மண் பாதை. ஐப்பசி மழையில் அது செம்மண் களி. இருபக்கமும் பால் கேன் கட்டிக்கொண்டு விடிகாலையில் போகவேண்டும். கம்பெனி டயர் தார் ரோட்டுக்கானது, அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் களி டயரின் கோடுகளில் அப்பிவிட்டால், டயர் வழவழவென்று ஆகி வழுக்கும். அதனால்தான் வண்டி எடுத்த அன்றே, கட்டைகட்டையாகப் பட்டன் வைத்த டயர் இதே அளவில் போட்டுத்தர முடியுமா, அதற்கு வேண்டுமானால் காசு தருகிறேன் என்று கேட்டேன். உண்மையிலேயே எனக்குத் தேவைப்பட்ட ஒரே ஒரு பொருள் அதுதான். "அதெல்லாம் மாத்தினா வாரன்ட்டி போயிடும் சார்" என்று முடித்துவிட்டார்கள். எல்இடி விளக்குக்காக ஹெட்லைட் ஒயரை நடுவில் வெட்டி டேப் சுற்றியது அவர்கள்தானே? அதற்குப் போகாத வாரன்ட்டியா டயருக்குப் போகும்?

மூன்றாவது வாரம் விழுந்தேன். இருபது கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது. பின்டயர் வழுக்கி வண்டி வலதுபக்கம் சாய்ந்தது. காலைக் காப்பாற்றும் என்று 1,900 ரூபாய் வாங்கிய பம்பர் உள்ளே மடங்கி, என் பாதத்தை பிரேக் மிதியோடு சேர்த்து நசுக்கிக்கொண்டது. சேற்றில் கிடந்து காலை இழுக்கிறேன், வரவில்லை. பின்னால் வந்த மாட்டுக்காரப் பெரியவர்தான் தூக்கிவிட்டார். எலும்பு முறியவில்லை. ஒரு வாரம் செருப்புப் போட முடியவில்லை, ஒரு கேன் பால் மண்ணோடு போனது. எங்கள் ஊர் மெக்கானிக் பம்பரைக் கடப்பாரையால் நெம்பிக் கழற்றிக் கையில் கொடுத்து, "அண்ணா, இது வெறும் தகரக் குழாய். ரெண்டு போல்ட்லதான் நிக்குது" என்றார்.

இவர்கள் விற்றதில் பெயின்டைக் காப்பாற்றக் கோட்டிங் இருக்கிறது, சீட்டைக் காப்பாற்றக் கவர் இருக்கிறது. வத்தல்மலை வளைவிலும் தொப்பூர் இறக்கத்திலும் எங்கள் ஏரிக்கரையிலும் வண்டி ஓட்டுகிறவன் காலைக் காப்பாற்ற ஒன்றுமில்லை! அதைக் கேட்டால் வாரன்ட்டி என்று வாயை அடைக்கிறார்கள்.

ஒரு பொருளை வாங்கினால்தான் இன்னொன்றைத் தருவேன் என்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தடுக்கவேண்டிய வியாபார முறை. போன வாரம் பில் கேட்கப் போனேன். வண்டி பில்லில் ஃபிட்டிங் இல்லை, அந்த வெள்ளைத்தாளில் சீலும் இல்லை. "நீங்க ஒத்துக்கிட்டுத்தானே சார் காசு கட்டினீங்க?" என்கிறார் கவுன்டரில் இருந்தவர். மடங்கிய பம்பரை அவர் மேஜைமேல் வைத்துவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகாரைப் பதிந்துவிட்டேன். பட்டன் டயருக்கு டயர் கடையில் சொல்லியிருக்கிறேன், அடுத்த மழைக்குள் வரவேண்டும்.