ஆடத்தான் கால் வரவில்லை

எதிரி செத்தால் சந்தோஷப்படக் கூடாதா என்று என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள். வேண்டாம் என்று யார் சொன்னது? 2011 மே 1 இரவு, ஒசாமா பின்லேடன் கொல்லப்பட்டதை ஒபாமா அறிவித்தபோது எனக்கும் நெஞ்சில் ஒரு பாரம் இறங்கத்தான் செய்தது. 2001 செப்டம்பர் 11 அன்று அவன் ஆட்கள் அமெரிக்காவில் நடத்திய தாக்குதலில் பறிபோனவை 2,977 உயிர்கள். அந்தக் குடும்பங்கள் பத்து வருஷம் காத்திருந்தார்கள். அவர்கள் அழுதாலும் சிரித்தாலும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஆனால் வெள்ளை மாளிகைக்கு முன்னால் கூடிய அந்தக் கூட்டம்? விளக்குக் கம்பத்தில் ஏறிக்கொண்டு, மேட்ச் ஜெயித்த மாதிரி நாட்டின் பெயரைக் கத்துகிறார்கள். பலர் கல்லூரிப் பிள்ளைகள். அந்தத் தாக்குதலில் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் சரிந்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவர்கள். பார்க்கப் பார்க்க வயிற்றைப் பிசைந்தது.

இன்றும் அப்படித்தான். எவனாவது ஒரு கொடியவன் செத்தால் போதும், என் போனில் பட்டாசுப் படமும் சிரிக்கிற எமோஜியும் வந்து கொட்டுகின்றன. பதில் போடாமல் இருந்தால் "நீ எந்தப் பக்கம்?" என்று கேள்வி வேறு. அவன் போனதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை ஐயா. ஒரு பிணத்தைச் சுற்றி ஆடத்தான் கால் வரவில்லை. அதற்கு ஏன் என்னைத் துரோகி என்கிறீர்கள்?