ரத்தம் போகிறவனுக்கு எதற்கு அந்த ஊசி?

போன வருடம் தம்பியை வார்டில் சேர்த்த மூன்றாம் நாள், சிஸ்டர் ஒரு சின்ன ஊசியோடு வந்தார். "தொப்புள் பக்கத்துல போடணும், சட்டையைத் தூக்குங்க." என்ன ஊசி என்றேன். ரத்தம் உறையாமல் இருக்க என்றார். தூக்கிவாரிப் போட்டது. அவனுக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், பெருங்குடல் முழுக்கப் புண். நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை ரத்தமாகப் போகிறவனுக்கு ரத்தத்தை இளக்குகிற ஊசியா? பக்கத்துக் கட்டிலுக்கு எழுதியதை மாற்றி எடுத்து வந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். வேண்டாம் என்றேன். கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாளும் அதே கதை. ஏன் அந்த ஊசி என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, மறுத்ததோடு சரி.

ஐந்தாம் நாள் இடது கெண்டைக்கால் வலிக்கிறது என்றான். படுத்தே கிடப்பதால் இருக்கும் என்று அம்மா தைலம் தேய்த்துவிட்டார் (தேய்க்கவே கூடாதாம்). சாயங்காலம் பார்த்தால் அந்தக் கால் மட்டும் தடித்து, தொட்டால் சுட்டது. டாப்ளர் ஸ்கேனில் தெரிந்தது: காலின் ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி.

அப்புறம்தான் ஒரு இளம் டூட்டி டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விளக்கினார். புண் குடலில் இருந்தாலும் அழற்சி ரத்தம் முழுக்கப் பரவுகிறது. அது கொடுக்கும் தூண்டுதலில் ரத்தம் உறையத் தேவையான ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தைக் கல்லீரல் அள்ளிச் செய்கிறது, எட்டாம் உறைகாரணியும் ஏறுகிறது. உறைதலை அடக்கி வைக்கிற ஏற்பாடு தளர்ந்துபோகிறது. ஃபைப்ரினோஜனை நூலாக்கி ரத்தத்தைக் கட்டுகிற திராம்பின், அந்த வேலையோடு நிற்பதில்லை. ரத்தக்குழாயின் உட்சுவரையும் தட்டி எழுப்பி அழற்சியை இன்னும் கிளறிவிடுகிறது. ஒன்று மற்றதை ஊதிவிடும் அடுப்பு இது. அதனால்தான் குடலில் ஒழுகுகிற அதே ரத்தம் காலில் போய்க் கட்டிக்கொள்கிறது. படுக்கை, நீர்ச்சத்துக் குறைவு, ஸ்டீராய்டு எல்லாம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இதில் ஒரு கூத்து. அவன் பிளேட்லெட் 6,20,000 என்று ரிப்போர்ட் வந்த அன்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. டெங்குக் காலத்தில் பிளேட்லெட் இறங்கினால் பதறிப் பழகிய குடும்பம், ஏறினால் நல்லது என்று நினைத்துவிட்டோம். சாதாரணமாக நாலரை லட்சத்துக்குள் இருக்க வேண்டியது. குடல் கொதிப்பதற்கு அதுவும் ஒரு அடையாளம் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் இல்லை இது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பார்கன், பார்க்கர் என்ற இரு மருத்துவர்கள் 1936-லேயே இந்த நோயாளிகளுக்கு ரத்தக்குழாய்களில் கட்டி விழுவதை எழுதியிருக்கிறார்கள். இன்றைக்கு, ரத்தம் அபாயமாகக் கொட்டினால் ஒழிய, மருத்துவமனையில் சேரும் கொலைட்டிஸ் நோயாளிக்கு இந்தத் தடுப்பு ஊசி போடச் சொல்வதுதான் நடைமுறை. ஊசியின் மூலப்பொருளான ஹெபாரினைப் பன்றிக் குடலின் உட்படலத்திலிருந்துதான் எடுக்கிறார்களாம். சுத்த சைவமான அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை.

அந்த இரண்டு ஊசி தவறியதால்தான் கட்டி வந்ததா என்று அந்த டூட்டி டாக்டரிடம் கேட்டேன். "அப்படி உறுதியாச் சொல்ல முடியாதுண்ணா, போட்டிருந்தாலும் சிலருக்கு வரும்" என்றார். நல்ல மனுஷன். ஆனாலும் கையெழுத்துப் போட்ட விரல் என்னுடையது.

என் கோபம் ஊசி போட வந்தவர் மேல் இல்லை. 'குடல் புண்ணால் ரத்தம் சீக்கிரம் உறையும், அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கு ஆபத்து.' இதைச் சொல்ல அரை நிமிடம் ஆகுமா? கையெழுத்து வாங்க நேரம் இருக்கிறது, காரணம் சொல்ல இல்லை. சேர்க்கும்போதே ஒரு துண்டுத் தாளில் தமிழில் அச்சடித்துக் கொடுத்தால்கூடப் போதும்.

தம்பி ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டான். இந்த ஆடியில் மறுபடி சேர்க்க வேண்டி வந்தது. முதல் நாள் ராத்திரியே அவனே கேட்டான்: "சிஸ்டர், வயித்துல போடுற ஊசி எழுதியிருக்காங்களா?" எழுதவில்லை. போய்க் கேட்டு எழுதி வாங்கி வந்தேன்.