பிள்ளைகளோடு பானை ஓடு தேடிப் போகிறவர்களுக்கு

கொஞ்ச நாளாக என் டைம்லைனில் ஒரே மாதிரி ரீல்ஸாக வருகிறது. ஒரு அப்பா, கையில் மெட்டல் டிடெக்டர், பக்கத்தில் ஆறேழு வயதுப் பையன், ஏதோ ஒரு பழைய மேடு. டிடெக்டர் கீச்சிட்டதும் பையன் களைக்கொத்தியால் கொத்துகிறான். செம்புக் காசு ஒன்று வருகிறது. அப்பா அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி கேமராவுக்கு நேரே நீட்டுகிறார். கமெண்டில் பாதிப் பேர் "எவ்வளவு பெறும் ப்ரோ?" என்கிறார்கள். மீதிப் பேர், "சூப்பர் ப்ரோ, பிள்ளையை இப்படித்தான் வளர்க்கணும்" என்கிறார்கள்.

முதல் கமெண்ட் போடுகிறவர்களைத் திருத்த முடியாது. இந்தப் பதிவு இரண்டாவது கமெண்ட் போடுகிறவர்களுக்கு.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பழம்பொருள் பார்க்க அலைகிற கிறுக்கு எனக்கும் உண்டு. எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கம். மூத்தவளுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு ஐந்து. லீவுக்கு ஊருக்குப் போனால் ஒருநாளாவது காலையில் கண்மாய்க்கரைப் பக்கம் கிளம்பிவிடுவோம். அதனால் "பிள்ளைகளை அங்கெல்லாம் கூட்டிப் போகாதீர்கள்" என்று நான் சொல்ல வரவில்லை. தாராளமாகக் கூட்டிப் போங்கள். தோண்ட வேண்டாம், வீட்டுக்கு எடுத்து வரவும் வேண்டாம். அவ்வளவுதான் நான் சொல்ல வருவது. ஆனால் இப்படிச் சொன்னதுமே "அப்புறம் என்னதான் செய்றது, சும்மா நின்னு பாத்துட்டு வர்றதா?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். நின்று பார்ப்பதில் எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மழை பெய்து ஓய்ந்த ஒரு வாரத்தில் உழுது போட்ட காட்டில் இறங்கிப் பாருங்கள். மேல்மண் கரைந்து, ஓடுகள் கழுவி வைத்தது மாதிரி கிடக்கும். பிள்ளைகள் முதலில் கொண்டுவந்து காட்டுவது போன வருஷத்துப் பொங்கல் பானையாக இருக்கும், பூந்தொட்டியாக இருக்கும், நத்தைக் கூடு, சோடா மூடி, கரண்டுக் கம்பத்துப் பீங்கான் எல்லாம் வரும். வரட்டும். சின்னவனுக்கு இன்னமும் சோடா மூடிதான் பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் ஒரு கட்டத்தில் உள்பக்கம் கரியாகவும் வெளிப்பக்கம் செவ்வலாகவும் ஒரு ஓடு கையில் வரும். கருப்பு சிவப்புப் பானை ஓடு. அதைக் கையில் வாங்கி உடனே "இது ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தினது" என்று பாடம் நடத்திவிடாதீர்கள். "ஏன் ஒரே பானை ரெண்டு நிறத்துல இருக்கு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்.

மூத்தவள் சொன்ன முதல் பதில், "உள்ள சோறு தீஞ்சு போச்சு." மோசமில்லை. இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம், பானையைச் சூளையில் கவிழ்த்து வைத்துச் சுட்டார்கள் என்பது. காற்றுப் பட்ட வெளிப்பக்கம் சிவந்தது, காற்றுப் போகாத உள்பக்கமும் வாய்விளிம்பும் கறுத்தது. பிறகு அதே ஓட்டின் உள்பக்கத்தில் விரலை வைத்துத் தடவச் சொல்லுங்கள். சக்கரத்தில் வனைந்த பானையாக இருந்தால் மெல்லிய வரிவரியாகத் தட்டுப்படும். அந்தக் குயவரின் விரல் போன வழி அது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு நூற்றாண்டுக் கணக்கு புரியாது. "ஒரு ஆள் இங்க விரலை வெச்சிருக்காரு" என்பது நன்றாகவே புரிகிறது.

இன்னொரு விளையாட்டு இருக்கிறது. ஒரு சார்ட் அட்டையில் காம்பஸ் வைத்து, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் வட்டங்கள் வரைந்து எடுத்துப் போங்கள். வாய்விளிம்பு ஓடு கிடைத்தால் அதைக் கவிழ்த்து அட்டையின் மேல் வைத்து, எந்த வட்டத்தோடு அதன் வளைவு ஒட்டிப் போகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். கையளவு ஓட்டை வைத்து முழுப் பானையின் வாய் எவ்வளவு அகலம் என்று கண்டுபிடித்துவிடலாம். தொல்லியல் துறையில் பானை ஓடுகளை அளப்பதும் இதே முறையில்தான். பதினாறு சென்டிமீட்டர் என்று வந்ததும் மூத்தவள் இரண்டு கையையும் விரித்துக் காற்றிலேயே ஒரு பானையைப் பிடித்துப் பார்த்தாள். "அப்ப இது நம்ம குழம்புச் சட்டி சைஸ்." அளந்தாயிற்று, போட்டோ எடுத்தாயிற்று, ஓடு கிடந்த இடத்திலேயே போட்டாயிற்று. இதில் என்ன குறைந்துவிட்டது, சொல்லுங்கள்.

குறியீடு கீறிய ஓடு எப்போதாவதுதான் கண்ணில் படும். பெரும்பாலும் சுட்ட பிறகு ஆணி மாதிரி கூர்மையான எதையோ வைத்துக் கீறியிருப்பார்கள். நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டி வைப்பதைக் காட்டினால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். கீழடி ஓடுகளில் ஆதன், குவிரன் என்ற பெயர்களே தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில் இருக்கின்றன. அதே கீழடியில் உடைந்த பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த சில்லுகளும் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. நம் பிள்ளைகள் பாண்டி ஆடத் தேய்க்கிற அதே சில்லுதான். அங்கே கிடைத்த ஒரு மாதிரியின் காலத்தைக் கரிமப் பகுப்பாய்வில் கி.மு. 580 என்று கணித்திருக்கிறார்கள். சில்லைத் தேய்த்தது பெரியவர்களா பிள்ளைகளா என்று எனக்கும் மூத்தவளுக்கும் ஒரு வாக்குவாதமே உண்டு. அவள் பிள்ளைகள் கட்சி.

சரி, எடுத்து வருவதில் என்ன தப்பு என்ற கேள்விக்கு வருவோம். இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் அரிக்கமேடு. புதுச்சேரிக்குப் பக்கத்தில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருந்த பழைய துறைமுக ஊர். அங்கே பிள்ளைகள் பாசிமணி பொறுக்குவது இன்று நேற்றுப் பழக்கம் கிடையாது. 1937 வாக்கில் ழூவோ துப்ரெய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் அந்தப் பிள்ளைகளிடமே காசு கொடுத்து மணிகளையும் கற்களையும் வாங்கினார். அவருக்குக் கிடைத்தவற்றில் மனிதத் தலை செதுக்கிய கல் ஒன்றும் இருந்தது. ரோமப் பேரரசர் அகஸ்டஸின் தலை அது என்று அவர் நம்பினார். கேட்கவே பிரமாதமாக இருக்கிறது அல்லவா? ஆனால் அந்தக் கல் எந்த மண் அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதற்குப் பதில் இல்லை. 1945-இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் வந்து அங்கே முறையாக அகழ்ந்தார். ஊரின் காலத்தைச் சொல்ல அவருக்குக் கைகொடுத்தவை இத்தாலியிலிருந்து வந்த சிவப்புத் தட்டுகளின் உடைந்த துண்டுகள். அரிட்டைன் என்பார்கள். சந்தையில் யாரும் திரும்பிப் பார்க்காத துண்டுகள்தான். ஆனால் எந்த அடுக்கில் எதோடு சேர்ந்து கிடந்தன என்ற குறிப்பு இருந்தது. பிற்பாடு விமலா பெக்லி போன்ற தொல்லியலாளர்கள் வீலரின் காலக் கணிப்பைத் திருத்தி, ஊர் அதைவிடப் பழையது என்று சொல்ல முடிந்ததும் அந்தக் குறிப்புகள் எழுதப்பட்டு இருந்ததால்தான். பேரரசர் முகம் இருந்ததாகச் சொன்ன கல்லைவிட உடைந்த தட்டு அதிகம் பேசியது.

பிள்ளைகளின் கண்ணைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் தரைக்கு நம்மைவிடப் பக்கம், எல்லாம் அவர்கள் கண்ணில் படும். அவர்கள் பொறுக்கியதைக் காசு கொடுத்து வாங்கின பெரியவர்தான் அந்தக் கதையில் எனக்கு உறுத்துகிறார்.

ராபர்ட் புரூஸ் ஃபூட்டை இதற்கு எதிர்ப்பக்கத்தில் வைப்பேன். 1863 மே 30-ஆம் தேதி பல்லாவரத்தில் சரளை மண் பள்ளத்தில் ஒரு கல் கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்ததற்கு முதல் சான்றாக அதைத்தான் சொல்வார்கள். அவரும் எடுத்துத்தான் போனார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் புவியியலாளர், எது எங்கே கிடைத்தது என்று எழுதி வைத்தார். அவருடைய சேகரிப்பு சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்து, ஊர் ஊராகப் பட்டியலாக அச்சும் ஆனது. மயிலாடுதுறைப் பக்கத்துச் செம்பியன் கண்டியூரிலும் இப்படித்தான். 2006-இல் ஒரு பள்ளி ஆசிரியர் தன் வீட்டுத் தோட்டத்தில் கன்று நடக் குழி தோண்டியபோது கற்கோடரிகள் இரண்டு கிடைத்தன. அவற்றைத் தொல்லியல் துறையில் இருந்த நண்பரிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவற்றில் ஒன்றின் மேல் இருந்த நான்கு குறிகளைச் சிந்துவெளி எழுத்துகள் என்று கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்தார். அது சரிதானா என்று இன்றும் விவாதம் நடக்கிறது. கண்காட்சி அலமாரியில் வைத்து வீட்டுக்கு வருகிறவர்களுக்கு மட்டும் காட்டியிருந்தால் விவாதிக்கக்கூட ஒன்றும் இருந்திருக்காது.

சட்டமும் இருக்கிறது. 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. மண்ணுக்குள்ளிருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய்! 1972-ஆம் வருஷத்துச் சட்டத்தில் நூறு வருஷம் தாண்டிய காசும் சிலையும் தொல்பொருள் கணக்கில் வந்துவிடும். ரீல்ஸ் போடுகிற அப்பா தன் முகத்தோடு, பிள்ளையின் முகத்தோடு சாட்சியத்தையும் தானே அப்லோட் செய்துகொண்டிருக்கிறார். நீங்கள் போகிற காட்டில் சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் கண்ணில் பட்டால் போட்டோவும் லொக்கேஷனும் எடுத்துக்கொண்டு வி.ஏ.ஓ.விடமோ மாவட்ட அரசு அருங்காட்சியகத்திலோ சொல்லுங்கள். உடனே யாராவது ஓடி வருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள், அது வேறு கதை.

தொடவே கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். தொல்லியல் படித்த என் தோழி அந்தக் கட்சி. அவள் சொல்வதில் பாதிதான் எனக்குச் சம்மதம். ஓடைக்கரை அரித்து, மண் அடுக்கடுக்காகத் தெரிகிற இடத்தில் முதுமக்கள் தாழியின் விளிம்பு நீட்டிக்கொண்டு இருந்தால் விரல்கூடப் படக் கூடாது. எலும்பு தெரிந்தால் அதைவிடத் தள்ளி நிற்க வேண்டும். அங்கே நான் பிள்ளைகளைக் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லிவிடுவேன். அடுக்கு எப்படி மாறுகிறது, சாம்பல் மண் எங்கே, செம்மண் எங்கே என்று கண்ணால் மட்டும் பார்க்கலாம். ஆனால் வருஷத்துக்கு இரண்டு தரம் டிராக்டர் புரட்டிப் போடுகிற காட்டில் மேலாகக் கிடக்கும் ஓட்டை ஒரு பிள்ளை எடுத்து, திருப்பிப் பார்த்து, அங்கேயே வைப்பதால் வரலாறு ஒன்றும் கெட்டுவிடாது. கையில் எடுக்க விடாமல் பிள்ளைக்கு எதிலும் ஆசை வராது. இரவோடு இரவாகச் சவுடு மண் அள்ளுகிற ஜேசிபி ஒரே வாரத்தில் ஒரு மேட்டையே காலி செய்வதை எங்கள் பக்கத்திலேயே பார்த்திருக்கிறோம். அதைக் கேட்க ஆளில்லாமல் பிள்ளைகளின் கையைத் தட்டிவிடுவது எனக்கு ஒப்பவில்லை.

ஊர்க்காரர்கள் பயம் வேறு மாதிரி. ஒருதரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாத்தா ஒருவர், "என்னத்தா தேடுறீக?" என்று கேட்டார். பானை ஓடு பார்க்கிறோம் என்றேன். "அது தாழிக்காடு. செத்தவுக சாமான். புள்ளைகளத் தொட விடாத ஆத்தா" என்றார். நான் அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. அவர் சொன்னதில் பயம் பாதி, மரியாதை பாதி. அந்த மரியாதைப் பாதி பிள்ளைகளுக்கு வரட்டும் என்றுதான் நினைக்கிறேன். மேட்டில் இருப்பது யாரோ ஒருவரின் அம்மாவோ பாட்டியோ என்று மூத்தவளிடம் சொன்னபோது அவள் செருப்பைக் கழற்றிவிட்டாள். நெருஞ்சி முள் குத்தும் என்று திரும்பப் போட வைக்க வேண்டியதாகிவிட்டது.

பிள்ளைகளுக்குச் சேர்க்கிற ஆசை இருக்கும், அதை அடக்கவும் முடியாது. அதற்கு என் வழி பாட்டி வீட்டு டிரங்குப் பெட்டி. நடுவில் ஓட்டை போட்ட காலணா, 1943 முதல் 1947 வரை அச்சடித்தது, எங்கள் அம்மாவிடம் ஒரு சுருக்குப்பை நிறைய இருக்கிறது. பரண் மேல் பழைய மங்களூர் ஓடு கிடந்தால் திருப்பிப் பாருங்கள், கம்பெனி பெயரும் ஊர் பெயரும் அதிலேயே எழுத்தாக இருக்கும். பாசல் மிஷன் என்ற ஐரோப்பியக் கிறிஸ்தவ அமைப்பினர் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865-இல். இதையெல்லாம் பிள்ளைகள் தங்கள் பெட்டியில் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். ஒரே நிபந்தனை, ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு: எங்கே இருந்தது, யார் கொடுத்தார்கள், எந்தத் தேதி. சின்னவனுக்கு எழுத வராது, படம் வரைந்து வைக்கிறான்.

எங்கள் மாமா ஒருவர் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு வழக்கம்போல "இதெல்லாம் வித்தா எவ்வளவு போகும்?" என்றார். மூத்தவள், "மாமா, முதல்ல எங்க இருந்துச்சுன்னு கேளுங்க" என்று சீட்டை எடுத்து நீட்டினாள்.

போகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். நிலக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். பயிர் நிற்கிற காட்டில் இறங்காதீர்கள். கல் இடுக்கில் கை விட வேண்டாம், பாம்பு இருக்கும். வழிபாட்டில் இருக்கும் நடுகல்லில் மாவு தடவி எழுத்துப் படிக்கிறேன் என்று கிளம்பாதீர்கள், அது அவர்களுக்குச் சாமி. பத்து மணிக்கு மேல் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள், திரும்பிவிடுங்கள். வெளியூர்க்காரர்கள் கீழடி அருங்காட்சியகத்தில் தொடங்கலாம், சென்னைக்காரர்களுக்குப் பூண்டியும் எழும்பூரும் இருக்கின்றன. அங்கே பார்த்துவிட்டுக் காட்டுக்குப் போனால் கண் தானாகப் பழகிவிடும்.

கடைசியாக ஒன்று. நாங்கள் போகிற மேடு எந்த ஊரில் இருக்கிறது என்று இன்பாக்ஸில் கேட்காதீர்கள். தெரிய வேண்டியவர்களுக்குத் தெரிவித்தாயிற்று. டிடெக்டர் வைத்திருப்பவர்களும் இந்தப் பதிவைப் படிப்பார்கள்.