ஒரு கேள்விக்குறிக்கு ஒரு ராத்திரி

பழைய வெப்சைட்டில் இருக்கிற லிங்க்கை எல்லாம் உருவி எக்செல்லில் போட்டுத் தர வேண்டும். கேட்டது திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் அண்ணன் ஒருவர். "பத்து நிமிச வேலைங்ண்ணா" என்று சொன்ன வாயை இப்போது தைக்கலாம். அவரிடமே ஓவர்லாக் மெஷின் இருக்கிறது.

ஒரே வரியில் ஒரு ரெகெக்ஸ் எழுதினேன், அதாவது 'இந்த மாதிரி இருக்கிற எழுத்தையெல்லாம் தேடிக் கொடு' என்று சொல்லும் குறியீடு: ஹெச்ரெஃப் (பக்கத்தின் கோடில் லிங்க்குக்கு முன்னால் வரும் சொல்), சமக்குறி, மேற்கோள், நடுவில் புள்ளி நட்சத்திரம் (எது எவ்வளவு வந்தாலும் சரி என்று அர்த்தம்), மறுபடி மேற்கோள். ஓடவிட்டால், ஒரே வரியில் இருந்த ஏழு லிங்க்குக்கு ஒன்றே ஒன்றுதான் வந்தது, அதுவும் அரைப் பக்க நீளத்துக்கு. இந்த நட்சத்திரத்துக்குப் பேராசை. முதல் மேற்கோளில் வாயைத் திறந்தால் அந்த வரியின் கடைசி மேற்கோளில்தான் மூடும். பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டால் அடங்கிவிடும். அதைக் கண்டுபிடிக்க ராத்திரி ஒன்றரை மணி.

சரி, முடிந்தது என்று படுத்தேன். காலையில் பார்த்தால் பாதி லிங்க்கைக் காணோம். அந்தப் பக்கத்தை எழுதின புண்ணியவான் ஓரிடத்தில் இரட்டை மேற்கோள், ஓரிடத்தில் ஒற்றை, இன்னோரிடத்தில் ஒன்றுமே போடவில்லை. சமக்குறிக்கு இரண்டு பக்கமும் இடைவெளி வேறு. பிரவுசர் இதையெல்லாம் கண்டுகொள்ளாது, ரெகெக்ஸ்தான் புது மாமியார் மாதிரி. ஆனால் கமெண்ட்டுக்குள், அதாவது பக்கத்தில் தெரியாத குறிப்புக்குள், செத்துக் கிடந்த 2011 தீபாவளி ஆஃபர் லிங்க் மட்டும் கரெக்டாக வந்திருந்தது.

வெப் பக்கத்தைப் பிரித்துப் புரிந்துகொள்ளும் பார்சர் எதற்கு இருக்கிறது, பைத்தானில் அந்த வேலைக்கென்றே பியூட்டிஃபுல் சூப் 2004-லிருந்தே இருக்கிறதே என்பீர்கள். தெரியும். ஒரே வரிதானே என்ற கொழுப்பு.

அண்ணன் போன் பண்ணினார். "ஏனுங் தம்பி, பத்து நிமிசம் ஆச்சுங்களா?"